பிலாத்துவின் கேள்வி எங்கே போயிற்று?

அன்பர்களே,

மான்செஸ்டர் நகரில், ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டு இருக்கிறது. உயரம் 8.9 சென்டிமீட்டர், அகலம் 6 சென்டிமீட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1920இல் பெர்னார்ட் கிரென்ஃபெல் என்ற ஆய்வாளர் எகிப்தில் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ்களோடு கலந்து வந்தது. 1934இல் அவற்றைத் தரம்பிரித்துக்கொண்டிருந்த ஆய்வாளர் காலின் ராபர்ட்ஸ்தான் இது யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தின் ஒரு பகுதி என்று அடையாளம் கண்டார். ஆய்வாளர்கள் இதை பி52 என்று குறிக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் கிரேக்க எழுத்து. பக்கத்துக்கு ஏழு வரி. ஒரு வரிகூட முழுதாக இல்லை. முன்பக்கத்தில் வரிகளின் தொடக்கம் மட்டும், பின்பக்கத்தில் வரிகளின் முடிவு மட்டும். இருபுறமும் எழுதியிருப்பதால் இது சுருளிலிருந்து வந்ததல்ல, தாள்களை மடித்துச் சேர்த்த புத்தகத்திலிருந்து வந்தது என்று தெரிகிறது. கிறிஸ்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் புத்தக வடிவத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதற்கு இது அருமையான சாட்சி.

"சத்தியமாவது என்ன?" என்று, இயேசுவை விசாரித்த ரோம ஆளுநன் பிலாத்து அவரிடம் கேட்ட கேள்வி இந்தத் துண்டில் இருப்பதாகப் பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பின்பக்கத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு வரி "அவரிடம் சொல்கிறான்" என்று முடிகிறது. அடுத்த வரியில் மிஞ்சியிருப்பது, "இதைச் சொல்லிவிட்டு" என்று தொடரும் வாக்கியத்தின் முதல் சில எழுத்துகள். பிலாத்துவின் பெயரும் அவன் கேட்ட கேள்வியும் கிழிந்த பகுதியோடு போய்விட்டன!

அப்படியானால் கேள்வி அங்கே இருந்தது என்று எப்படிச் சொல்கிறோம்? எழுத்தை எண்ணித்தான். எழுதியவர் வரிகளை ஏறத்தாழ ஒரே நீளத்தில் அமைத்திருக்கிறார். நாம் அறிந்த வாசகத்தை இடைவெளியில் வைத்துப் பார்த்தால் கேள்வி சரியாகப் பொருந்துகிறது. எல்லா இடத்திலும் அப்படிப் பொருந்துவதில்லை. "இதற்காகவே பிறந்தேன், இதற்காகவே உலகத்தில் வந்தேன்" என்று இயேசு சொல்லும் வசனத்தில் இரண்டாவது "இதற்காகவே"க்கு இடம் போதவில்லை. எழுதியவர் அதை விட்டிருக்க வேண்டும் என்று ராபர்ட்ஸே கருதினார். இல்லாத எழுத்தைக்கூட இவ்வளவு பொறுப்போடு கணக்கிடும் இந்த உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

காலத்தைச் சொல்லும்போதும் அதே பொறுப்பு வேண்டும். துண்டில் தேதி இல்லை. கி.பி. 94இல் எழுதப்பட்ட ஒரு கடிதம் போன்ற, தேதியுள்ள ஆவணங்களின் கையெழுத்தோடு ஒப்பிட்டு, இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்றார் ராபர்ட்ஸ். அதிலிருந்து "கி.பி. 125" என்ற ஒற்றை ஆண்டு ஊரெல்லாம் பரவிவிட்டது. 2005இல் பிரெண்ட் நோங்பிரி என்ற ஆய்வாளர், இதே சாயல் கையெழுத்து மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை காணப்படுகிறது என்று எடுத்துக்காட்டினார். 2012இல் ஒர்சினி, கிளாரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 125க்கும் 175க்கும் இடையில் வைத்தார்கள். கையெழுத்து ஒன்றை மட்டும் வைத்து ஆண்டைக் குறிக்க முடியாது. ஆகவே, உங்களில் பிரசங்கம் செய்பவர்கள் 125 என்று அறுதியிட்டுச் சொல்லாதீர்கள். இரண்டாம் நூற்றாண்டாக இருக்கலாம் என்று சொல்லுங்கள்.