டாங்கிதான் முதல் உலகப்போரை முடித்ததா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "போரில் வெல்ல வைப்பது ஆயுதமல்ல, கூட்டணிதான் என்று எதற்கெடுத்தாலும் கூட்டணி, கூட்டணி என்கிறீர்களே ஐயா, டாங்கி வந்த பிறகுதானே முதல் உலகப்போர் முடிந்தது?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நியாயமான குட்டு.

டாங்கி முதலில் களமிறங்கியது 1916 செப்டம்பர் 15, பிரான்சின் சோம் போர்முனையில். பிரிட்டன் தயார் செய்தவை 49. தாக்குதல் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவை 32. மற்றவை வழியிலேயே படுத்துவிட்டன. அப்போது அது புதுசு என்பீர்கள். சரி, 1918 ஆகஸ்ட் 8, அமியென் போருக்கு வாருங்கள். ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப் தங்கள் படையின் கறுப்பு நாள் என்று குறிப்பிட்ட நாள் அது. அன்று ஓடியவை 400க்கும் மேல். ஐந்தாம் நாள் சண்டைக்குத் தேறியவை ஆறு. ஆறே ஆறு! போர் அதற்குப் பிறகும் மூன்று மாதம் நடந்தது.

அந்த மூன்று மாதத்தில் விழுந்த ஆளுக்கு மாற்று ஆள் ஜெர்மனியிடம் இல்லை. எதிரணிக்கோ அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். நவம்பருக்குள் ஏறத்தாழ இருபது லட்சம் பேர். அவர்களை வரவழைத்தது யார்? பெரும்பாலும் ஜெர்மனியின் நீர்மூழ்கி! 1917 பிப்ரவரி 1 முதல், பிரிட்டன் பக்கம் போகிற எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றி மூழ்கடிப்போம் என்றார்கள். ஐந்தே மாதத்தில் பிரிட்டன் பணிந்துவிடும் என்பது அவர்களுடைய கடற்படைத் தலைமையின் கணக்கு. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. புது ஆயுதம் எதிரிக்கு ஒரு கூட்டாளியைத் தேடிக் கொடுத்தது.

பழைய நேயர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன்: கூட்டணி என்பது கையெழுத்து அல்ல, கரியில் ஓடிய அந்தக் காலக் கப்பலுக்குக் கரி கிடைக்கும் துறைமுகம். கையெழுத்து என்றால் இத்தாலி 1882லேயே ஜெர்மனியோடும் ஆஸ்திரியாவோடும் போட்டிருந்தது. 1915 மே மாதம் அதே ஆஸ்திரியா மீது போர் தொடுத்தது.

ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் எங்கே கரி ஏற்றியது என்று யாராவது கேட்பீர்கள் என்று நெடுநாளாகக் காத்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போன கதை எல்லோருக்கும் தெரியும். நான் ஏதாவது விஷமம் செய்தால் என் பாட்டி "சரியான எம்டன்" என்பார். அது ஒரு கப்பலின் பெயர் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ!

அந்தக் கப்பலுக்கு வீடு சீனக் கரையிலிருந்த சிங்தாவ். 1902இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையைக் காட்டி ஜப்பான் ஆகஸ்ட் 23 அன்று போரில் இறங்கியது. வீடு முற்றுகைக்குள் போனது. அதன் பிறகு பிடித்த கப்பல்களின் கரிதான் எம்டனின் பிழைப்பு. கெட்டிக்காரக் கப்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாடோடி.

சிங்தாவ் வீழ்ந்தது நவம்பர் 7. எம்டன் அழிந்தது நவம்பர் 9, இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில். கம்பியில்லாத் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியது. அவர்கள் உடைப்பதற்குள் நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய கப்பல் வரிசை அப்போது பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' பிரிந்து வந்து எம்டனைத் தீர்த்தது. காவலை விட்டு எப்படி வர முடிந்தது? வரிசையைப் பார்த்துக்கொள்ள 'மெல்போர்ன்' இருந்தது. ஜப்பானின் 'இபுகி'யும் இருந்தது.

சிட்னியின் பீரங்கிகள் எம்டனுடையவற்றைவிடப் பெரியவை. அதை மறைக்க மாட்டேன். ஈரோட்டு மாணவி அதைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறார்.