நகராத அம்மி

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் விளையாட்டு ஆர்வலர்கள் கூட்டிய மாலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என் உரையின் நீளத்தை எண்ணி இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்ட மாமன்ற உறுப்பினர் அவர்களே, ஓய்வுபெற்ற பின்னும் ஓய்வறியாத உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, ஒலிபெருக்கியை வாடகை வாங்காமல் அனுப்பிவைத்த திருப்பாதிரிப்புலியூர் அன்பர் அவர்களே, முதுநகரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருக்கும் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். யாருடைய பெயரையேனும் விட்டிருந்தால் அது மறதியே தவிர மரியாதைக் குறைவு அன்று. சென்ற ஆண்டு இதே மேடையில் ஒருவரை விட்டுவிட்டு ஆறு மாதம் அவர் வீட்டு வாசலைக் கடக்க முடியாமல் தவித்தவன் நான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, மாபெரும் சாம்பியனிடம் தோற்ற ஒரு குத்துச்சண்டை வீரரின் ஆட்டத்தை எப்படி மதிப்பிடுவது என்பதாகும். 1966 மார்ச் 29 அன்று கனடாவின் டொராண்டோ நகரில், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில், முகமது அலியோடு பதினைந்து சுற்றும் நின்று தோற்ற ஜார்ஜ் ஷுவாலோவை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கு செய்திகளைச் சொல்லப்போகிறேன். ஒன்று அவருடைய உடல்தாக்குதல், இரண்டு நடுவர்களின் புள்ளித்தாள், மூன்று அவருக்குக் கிடைத்த ஆயத்த நாட்கள், நான்கு கார்னரில், அதாவது வீரரின் மூலையில், அவருக்குத் துணையாக நிற்பவரின் கடமை.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் தாயார் இதைப் பாடம் படிக்காத என்னைப் பார்த்து நாள்தோறும் சொல்லுவார். ஆனால் அன்று டொராண்டோவில் ஷுவாலோ என்ற அந்த அம்மி நகரவில்லை. அதுவரை யாரும் அலியைப் பதினைந்து சுற்றுவரை இழுத்துச் சென்றதில்லை. ஷுவாலோதான் முதல் ஆள். அலிக்கு வயது 24, தோல்வியே அறியாதவர், கால்கள் நிற்காமல் வட்டமிட்ட காலம் அது. ஷுவாலோவுக்கு 28. தொழில்முறையில் மொத்தம் 93 போட்டிகள் ஆடி, 73 வென்று, 18 தோற்று, 2 சமன் செய்த அந்த மனிதர் ஒருமுறைகூடத் தரையில் விழுத்தாட்டப்பட்டதில்லை.

முதல் செய்திக்கு வருகிறேன். அலியின் முகத்தைத் தேடி வீசியவர்கள் காற்றைக் குத்தினார்கள், ஏனெனில் அந்தத் தலை பின்னால் சாய்ந்து, குத்து வந்து சேரும் நேரத்தில் வேறிடத்தில் இருக்கும். ஷுவாலோ தலையைத் தேடவில்லை. தலை ஓடினாலும் விலா ஓடாது என்ற எளிய கணக்கோடு முன்னால் நடந்து, அலியைக் கயிற்றில் சாய்த்து, வயிற்றிலும் விலாவிலும் ஹூக்குகளை, அதாவது கையை வளைத்து வீசும் குத்துகளை, இறக்கினார். தொடக்கச் சுற்றுகளில் அலியே கைகளை உயர்த்தி, அடித்துக்கொள் என்று விலாவைக் காட்டியதும் உண்டு. உடலில் விழும் குத்துகளின் நோக்கம் மூச்சைத் திருடுவது, மூச்சு போனால் கால் நிற்கும், கால் நின்றால் தலை கைக்கு எட்டும். ஷுவாலோவின் திட்டத்தில் குறை இல்லை. அலியின் கால்கள்தாம் அந்தத் திட்டத்திற்கு ஒத்துழைக்கவில்லை. கடைசிச் சுற்றிலும் அவர் ஆடிக்கொண்டும், ஜாப் என்னும் நேரான இடதுகைக் குத்தை எட்டத்திலிருந்து எய்துகொண்டும் இருந்தார். மேலும், ஷுவாலோவின் குத்துகளில் பல விதிக்குப் புறம்பாக அரைக்கச்சைக்குக் கீழே விழுந்தன, நடுவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நேர்மையாக மதிப்பிடுகிறவர் அவற்றைக் கழித்துத்தான் எண்ண வேண்டும்.

இரண்டாவது, புள்ளித்தாள். அன்றைய முறையில் ஒரு சுற்றை வென்றவருக்கு 5 புள்ளி, தோற்றவருக்குப் பெரும்பாலும் 4, சமமானால் இருவருக்கும் 5. பதினைந்தையும் வென்றால் 75. மூன்று தாள்களிலும் அலி வென்றார்: 73க்கு 65, 74க்கு 63, 74க்கு 62. முதல் தாளில் அலி விட்டது இரண்டு புள்ளி, ஷுவாலோ விட்டது பத்து. அதாவது இரண்டு சுற்று ஷுவாலோவுக்கு, பத்து அலிக்கு, மூன்று சமம் என்று கொள்ளலாம். மற்ற இரண்டு தாள்களும் அவருக்கு ஒரே ஒரு சுற்றைத்தான் கொடுத்தன. பிறகு பேசியவர்கள் மயிரிழையில் தவறிய வெற்றி என்பது போலப் பேசினார்கள். அது உண்மையன்று. தெளிவான, ஐயமற்ற தோல்வி அது. நாம் மயங்குவது எதனால்? அவர் விழவில்லை என்பதனால். கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பரடிகள் மிதந்து வந்து ஏறிய இடத்தைக் கரையேறவிட்டகுப்பம் என்று இன்றும் அழைக்கிற ஊர் நம்முடையது. மூழ்காதவரைக் கண்டால் நமக்கு உள்ளம் உருகிவிடும். ஆனால் அப்பருக்குக் கிடைத்த துணை குத்துச்சண்டைக்காரருக்குக் கிடைக்கும் என்று நம்பி ரிங்கில் ஏறக் கூடாது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும். என் பள்ளிப் பருவத்தில் நம்மூர்ப் பக்கம் ஒரு திறந்தவெளிப் போட்டி நடந்தது. தார் டிரம்மின் மேல் பலகை, பலகையின் மேல் தேங்காய் நார், அதன் மேல் படகு மூடும் தார்ப்பாய். சுற்றிலும் கட்டியது துறைமுகத்துக் கயிறு. அதில் மீன் வாடை அடித்ததால் கயிற்றோரம் ஒதுங்கிய வீரர்கள் தாமாகவே நடுவுக்கு வந்துவிடுவார்கள். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது, அதை அடிக்கும் பொறுப்பு டீக்கடை அண்ணனுக்கு. எங்கள் தெருவில் ஐஸ் உடைக்கும் வேலை செய்த அண்ணன் ஒருவருக்கு வெளியூரிலிருந்து வந்த பெரிய வீரரோடு போட்டி. இரண்டாம் சுற்றில் எங்கள் அண்ணன் வாங்கிய குத்துகளைக் கண்டு மெய்ம்மறந்த டீக்கடை அண்ணன், சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே, “விடாதே, நில்லு!” என்று கத்திக்கொண்டிருந்தாரே தவிர மணியை அடிக்கவில்லை. மூன்று நிமிடச் சுற்று ஐந்து நிமிடத்தைத் தாண்டியது. ஒரு கிழவர் எழுந்து டீக்கடை அண்ணனின் தலையில் தட்டிய பிறகுதான் தண்டவாளம் ஒலித்தது. மருத்துவர் என்று நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தவர் கால்நடை மருந்தகத்துக் கம்பவுண்டர். அவர் வந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். மாட்டுக்கு அவ்வளவு போதும்.

அண்ணன் தோற்றார், ஆனால் விழவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றோம். இரவு பத்து மணிக்குத் தலைவலி என்றார், பிறகு வாந்தி. அவருடைய தாயார் எங்களைப் பார்த்து, “எம்புள்ள நின்னானா விழுந்தானான்னு நான் கேக்கலப்பா, அவன் கண்ணு ஏன் ஒரு பக்கம் பெருசா இருக்கு, அத சொல்லுங்க” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. வாடகைக் காரில் புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். ஆனால் அதன் பிறகு எண்ணிச் சில்லறை கொடுக்க அவரால் இயலவில்லை. அடிமேல் அடி அடித்தும் அம்மி நகரவில்லை என்று நாங்கள் ஊர்வலம் போன நேரத்தில் அம்மிக்குள்ளே ஏதோ நகர்ந்திருக்கிறது.

மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் இரத்தம் கசிந்தால் அது உடனே தெரிவதில்லை. வீரர் நடப்பார், பேசுவார், கையசைப்பார், பிறகு தலைவலியும் வாந்தியும் மயக்கமும் வரும், ஒரு கண்ணின் பாவை விரியும். அந்த இடைவெளிக்குள் ஸ்கேன் எடுத்து அறுவை செய்தால்தான் உயிர். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு பதினான்காம் சுற்றுவரை வீரமாக நின்ற தென்கொரியாவின் கிம் டுக் கூ சில நாட்களில் இறந்தார். அதன் பிறகே உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பதினைந்து சுற்றைப் பன்னிரண்டாகக் குறைத்தது. வென்றவர்களும் தப்பவில்லை. அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய்க்குறி கண்டறியப்பட்டது.

ஆகவே தோற்றவரின் ஆட்டத்தை அவர் எத்தனை குத்து கொடுத்தார், எங்கே கொடுத்தார், எந்தச் சுற்றை வென்றார் என்று எண்ணுங்கள். எத்தனை வாங்கினார் என்பதைப் பெருமைக் கணக்கில் எழுதாதீர்கள். அந்த எண் மருத்துவரின் ஏட்டில் இருக்க வேண்டியது.

மூன்றாவது செய்தி ஆயத்த நாட்கள் பற்றியது. வேறொருவருக்கு மாற்றாக வந்த ஷுவாலோவுக்குக் கிடைத்தவை 17 நாட்களே என்பதோடு நேரம் கருதி விட்டுவிடுகிறேன்.

நான்காவதிலும் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். 1975 அக்டோபர் 1, மணிலா, அதே அலியோடு ஜோ ஃபிரேசியர். பதினான்காம் சுற்று முடிந்தபோது ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. இன்னும் ஒரே ஒரு சுற்று, அவர் போகத் துடித்தார், பயிற்சியாளர் எடி ஃபட்ச் போதும் என்று நிறுத்திவிட்டார். நகராத அம்மியைத் தன் கையால் தூக்கி ஓரமாக வைத்த மனிதர் அவர். நம் மாவட்டப் போட்டிகளில் அந்தத் துணிச்சலுள்ள ஒருவரை ஒவ்வொரு கார்னரிலும் நிறுத்த இயலாது. ஆனால் ஒரு மருத்துவரை நாற்காலியில் உட்காரவைக்க இயலும், ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கவும் இயலும்.

வாசலில், செருப்பு விடும் இடத்தருகே, ஒரு மனு இருக்கிறது. மாவட்ட அளவிலான எந்தப் போட்டியும் மருத்துவர் வராமல் தொடங்கக் கூடாது, ஆம்புலன்ஸ் ஒன்று மைதானத்திலேயே நிற்க வேண்டும், தலையில் பலமாக அடிபட்டவர் மருத்துவச் சான்று இல்லாமல் மீண்டும் ரிங்கில் ஏறக் கூடாது என்று மூன்றே வேண்டுகோள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறோம். சென்ற முறை கொடுத்த மனு எங்கே போயிற்று என்று மாமன்ற உறுப்பினர் அவர்களுக்குத்தான் தெரியும், அவரே முதல் கையெழுத்தைப் போட்டால் நன்றியுடையவனாவேன். அடிமேல் அடி என்பதை இந்த ஒரு காரியத்தில் நானும் நம்புகிறேன், இது ஏழாவது மனு.

தலைவர் ஐயா மணியை அடித்துவிட்டார். டீக்கடை அண்ணனைப் போல மறந்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வணக்கம்.