சுட்டதும் பின்னால் பாயும் பீரங்கி

[காட்சி: தாழ்ந்த மரத்தளம், வரிசையாகக் கருப்புப் பீரங்கிகள்]

வணக்கம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரில் நிற்கும் விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குள் போகலாம், வாங்க. 1805-ல் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களோடு மோதிய டிரஃபால்கர் கடற்சண்டைக்குப் போனபோது இதில் 104 பீரங்கிகள் இருந்தன. நாம் பார்க்கப்போவது அதில் ஒன்றே ஒன்று: கீழ்த்தளத்து 32 ராத்தல் பீரங்கி. இந்த 32 ராத்தல், அது சுடும் இரும்புக் குண்டின் எடை. ஏறக்குறைய 14.5 கிலோ. பீரங்கியின் எடையோ இரண்டரை டன்னுக்கு மேல்.

இவ்வளவு கனத்தை ஏன் சக்கரம் வைத்த மரவண்டியில் ஏற்றினார்கள்? ஆடுகிற கப்பலில் அது உருளாதா?

உருளத்தான் வேண்டும். வெடிமருந்தையும் குண்டையும் பீரங்கியின் வாய் வழியாகத்தான் திணிக்க முடியும். சுடும் நேரத்தில் அந்த வாய், பக்கவாட்டுச் சன்னல் வழியாகக் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதை யார் உள்ளே இழுப்பது? வெடியே இழுத்துவிடுகிறது. சுட்டதும் வண்டி பின்னால் பாய்ந்து, வாய் உள்ளே வந்துவிடும்.

[காட்சி: தடித்த வடம், நெருக்கத்தில்]

இந்த வடத்தைக் கவனியுங்கள். பீரங்கியின் பின்புறத்தைச் சுற்றி, இரு முனையும் கப்பல் சுவரில் கட்டியிருக்கிறது. பாய்ச்சலைத் தடுத்து நிறுத்துவது இதுதான். வடம் அறுந்தால் இரண்டரை டன் இரும்பு தளத்தில் தன்னிஷ்டத்துக்கு ஓடும். என்னைக் கேட்டால், இங்கே மிக முக்கியமான பொருள் இந்தக் கயிறுதான்.

சரி, பீரங்கி உள்ளே வந்தாச்சு. முதல் வேலை, ஆட்டுத்தோல் சுற்றிய கழியை நனைத்துக் குழாய்க்குள் விட்டுத் துடைப்பது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தாலும் அடுத்த மருந்துப்பை திணிப்பவன் கையிலேயே வெடித்துவிடும். அப்புறம் துணிப்பையில் கட்டிய மருந்து, குண்டு, அது உருண்டுவிடாமல் ஒரு அடைப்பு. எல்லாவற்றையும் இடித்து இறுக்கியபின், கப்பிக் கயிறுகளை இழுத்து எல்லோரும் சேர்ந்து பீரங்கியை மறுபடி சன்னலுக்குக் கொண்டுபோவார்கள். பின்னால் நிற்கும் தலைவன் கயிற்றைச் சுண்டினால் சக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கும். நன்றாகப் பழகிய குழுவுக்கு இத்தனையும் முடிய ஒன்றரை நிமிடம்.

மருந்துப்பைகளைக் கீழ் அறையிலிருந்து ஓடி ஓடிக் கொண்டுவந்தவர்களில் சிறுவர்களும் உண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

[காட்சி: பியூசாந்தோர் கப்பலின் பின்புறம்]

டிரஃபால்கர் சண்டை நாள், 1805 அக்டோபர் 21. பிரெஞ்சுத் தலைமைக் கப்பலான பியூசாந்தோரின் பின்பக்கமாக விக்டரி கடக்கிறது. பக்கச் சுவர் என்றால் தடித்த ஓக் மரம். பின்பக்கமோ கண்ணாடிச் சன்னல்கள். அதன் வழியே நுழைந்த குண்டுகளுக்குக் கப்பலின் நீளம் முழுக்கத் தடையே இல்லை. பீரங்கிகளும் மனிதர்களும் ஒரே கோட்டில் சிதறினார்கள்.

அந்த நேரத்தில் விக்டரியின் கீழ்த்தளத்தில் புகை கண்ணை மறைக்கும். கத்தினாலும் கேட்காது, காதைச் சுற்றித் துணி கட்டியிருப்பார்கள். நனைத்த கழி யார் கையில், குண்டு யார் கையில் என்பதெல்லாம் கைக்கே தெரிந்திருந்தது.