இடைவெளியைக் கற்றுக்கொடுத்த மின்கிதார்

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவி அம்மையார் அவர்களே, அவையில் கூடியிருக்கும் இசை அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"மார்க் போலனின் கலை சிறந்து விளங்குவது அக்கூஸ்டிக் ஆல்பங்களிலா, மின்கிதார் ஆல்பங்களிலா?" என்பது இன்றைய தலைப்பு. மின்கிதார் ஆல்பங்களிலேதான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். இந்தப் பெயரை இன்றுதான் கேட்கும் அன்பர்களுக்காக ஒரு சிறு முன்குறிப்பு. 1947 செப்டம்பரில் லண்டனின் ஹாக்னி பகுதியில் மார்க் ஃபெல்ட் என்ற பெயரில் பிறந்தவர் இவர். 1968, 1969 ஆண்டுகளில் போங்கோ என்ற இரட்டைக் கைம்மேளம் வாசித்த ஸ்டீவ் டூக் என்பவரோடு சேர்ந்து, டைரனோசரஸ் ரெக்ஸ் என்ற பெயரில், மேடையில் கம்பளம் விரித்துச் சம்மணமிட்டு அமர்ந்து, மின்னிணைப்பு இல்லாத அக்கூஸ்டிக் கிதாரோடு பாடினார். அந்தக் கூட்டணி மூன்று ஆல்பங்களைத் தந்தது. 1969இன் இறுதியில் டூக்கின் இடத்துக்கு மிக்கி ஃபின் வந்தார். கையில் மின்கிதார் வந்தது. 1970 முடிவதற்குள் குழுவின் பெயரும் டி. ரெக்ஸ் என்று சுருங்கியது. 1971இல் கண்ணுக்குக் கீழே மினுமினுப்புத் தூளோடு அவர் தொலைக்காட்சியில் தோன்றியதைத்தான், மினுக்கும் உடையும் ஒப்பனையுமாக மேடையேறும் கிளாம் ராக் இசைப்பாணியின் பிறப்பு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

அம்மையார் மிக அழகாகப் பேசினார். அக்கூஸ்டிக் கிதார்தான் போலனின் தாய்மண் என்றார். மின்கிதார் புகழுக்காக அவர் போட்டுக்கொண்ட வேடம் என்றார். நடுவர் ஐயா, ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. 1967இல், டூக்கோடு சேர்வதற்கு முன்பே, ஜான்ஸ் சில்ட்ரன் என்ற குழுவில் சில மாதங்கள் மின்கிதார் வாசித்தவர் போலன். அதிலிருந்து விலகியவுடன் அவர் முதலில் அமைத்ததும் மின்கருவிக் குழுதான். அது லண்டனின் கோவென்ட் கார்டனில் சரியான ஒத்திகை இல்லாமல் மேடையேறிப் படுதோல்வி அடைந்தது. அந்தக் காயத்துக்குப் பிறகுதான் கம்பளமும் போங்கோவும் வந்தன. ஆகவே அக்கூஸ்டிக் காலம் என்பது அவர் பிறந்த வீடன்று. அடிபட்டவர் ஒதுங்கி ஆறுதல் தேடிய நிழல். சிறுவயதில் அவர் உள்ளத்தில் குடியேறியவர்கள் எடி காக்ரன், சக் பெர்ரி போன்ற 1950களின் ராக் அண்ட் ரோல் கலைஞர்கள். டி. ரெக்ஸின் "கெட் இட் ஆன்" பாட்டு முடிந்து தேயும் இடத்தில், சக் பெர்ரியின் பழைய பாட்டிலிருந்து ஒரு வரியை அவர் முணுமுணுத்துவிட்டுப் போகிறார். வேடம் போட வந்தவர் பழைய கடனை இப்படி வெளிப்படையாகச் சொல்லமாட்டார்.

அந்த மூன்று ஆல்பங்களையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. "யூனிகார்ன்" ஆல்பத்தை மழைநாளில் கேட்டவர்கள் அதன் மேல் கல்லெறிய மாட்டார்கள். ஆனால் அந்த ஆல்பங்களில் ஒரு நெரிசல் இருக்கிறது. முதல் ஆல்பத்தின் தலைப்பையே பாருங்கள். "மை பீப்பிள் வேர் ஃபேர் அண்ட் ஹேட் ஸ்கை இன் தேர் ஹேர்" என்று தொடங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் அவ்வளவு தூரம் போக வேண்டும். பாட்டுகளும் அப்படித்தான்: மந்திரவாதிகள், ஒற்றைக்கொம்புக் குதிரைகள், பழங்கால அரசர்கள் எல்லாரும் ஒரே வரியில் ஏறிக்கொள்ளத் துடிக்கிறார்கள், அதற்கு மேல் போலனின் நடுங்கும் குரல் ஒவ்வொரு சொல்லையும் உதறி எடுக்கிறது. கவிதை செழித்த காலம் அது என்று அம்மையார் சொன்னார். வரிகளை எழுத்தில் பார்க்காமல், காதால் மட்டுமே கேட்டு, ஒரு பாட்டையேனும் அம்மையார் முழுதாகச் சொல்லிவிட்டால் நான் இப்போதே அமர்ந்துவிடுகிறேன்.

இரண்டாம் ஆல்பத்தின் முதல் பாட்டை நான் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். "டெபோரா" என்ற தம் முதல் வெற்றிப்பாட்டை எடுத்து, முதல் பாதியில் நேராகவும் அடுத்த பாதியில் ஒலிநாடாவைத் தலைகீழாகத் திருப்பியும் வைத்திருக்கிறார். தலைப்பையும் அப்படியே முன்னும் பின்னுமாகக் கோத்திருக்கிறார். ஒரு கிதாரும் இரண்டு கைத்தாளங்களும் போதும் என்று நிறைவடைந்த மனிதர் செய்கிற வேலையா இது? ஒலிப்பதிவுக்கூடம் முழுவதையும் ஒரு கருவியாக வாசிக்க அவர் 1968லேயே தவித்தார் என்பதற்கு எதிரணியின் ஆல்பமே சாட்சி. மின்சாரம் இல்லாமல் நாடாவைத் திருப்பியிருக்க முடியாது என்பதையும் அவைக்குப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

இனி, மின்கிதார் வந்தபிறகு என்ன நடந்தது? சத்தம் கூடியது என்று அம்மையார் சொன்னார். கேட்டுப் பாருங்கள், சத்தம் கூடவில்லை, இடம் கூடியது. 1970 அக்டோபரில் வெளிவந்த "ரைட் எ வைட் ஸ்வான்" இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான பாட்டு. அதில் டிரம்ஸ் கிடையாது. மின்கிதார் ஒரு சிறிய சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. சலங்கை கோத்த கைப்பறையான டாம்பொரின் தாளத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது. வயலின்கள் பின்னால் மெல்ல எழுகின்றன. பழைய மந்திர உலகம் ஒழிந்துபோயிற்றா என்றால், இல்லை. உயரத் தொப்பி அணிந்த ட்ரூயிட் பூசாரியும், நெற்றியில் விண்மீன் வைத்துக்கொள்ளும் கனவும் அங்கேயும் இருக்கின்றன. முன்பு ஒரே வரியில் முட்டிமோதியவர்கள் இப்போது வரிக்கு ஒருவராக நிற்கக் கற்றுக்கொண்டார்கள். அக்கூஸ்டிக் கிதாரில் ஒலி எழுந்தவுடன் தேய்ந்துவிடும். அதனால் கை ஓயாமல் வீச வேண்டும், வாயும் ஓயாமல் நிரப்ப வேண்டும். மின்கிதாரில் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டால் ஆம்ப்ளிஃபயர் அதை நீட்டித் தாங்கிப் பிடிக்கும். பாடுகிறவர் அவசரமில்லாமல் அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கலாம். போலனுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அந்தக் கருவிதான்.

அந்தப் பாடத்தின் முழு விளைச்சல் 1971 செப்டம்பரில் வந்த "எலெக்ட்ரிக் வாரியர்". பெயரில் போர்வீரன் இருக்கிறான். அட்டையில் கருப்புப் பின்னணியில் பொன்னிறக் கோட்டால் ஆன ஒரு மனிதன் கிதாரோடு ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயர் அடுக்கின் முன் நிற்கிறான். உள்ளே போனால் கிடைப்பதோ காதருகே பேசும் ஒரு குரல். "கெட் இட் ஆன்" பாட்டின் வாத்தியங்களை எண்ணினால் திகைப்பு வரும். ரிக் வேக்மனின் பியானோ, இயன் மெக்டொனால்டின் சாக்சஃபோன், உயரத்தில் ஒலிக்கும் பின்னணிக் குரல்கள், பில் லெஜண்டின் டிரம்ஸ், ஸ்டீவ் கரியின் பாஸ் எல்லாம் அதில் உண்டு. இருந்தும் பாட்டு இறுகவில்லை. பியானோ முழுவதும் வாசிப்பதில்லை. அவ்வப்போது மேலிருந்து ஒரு சறுக்கல், அவ்வளவுதான். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி முதல் அக்கூஸ்டிக் ஆல்பத்திலிருந்தே போலனோடு இருந்தவர் என்பதை அவை கவனிக்க வேண்டும். அதே பாடகர், அதே தயாரிப்பாளர். மாறியது கருவியும் அது கொடுத்த பொறுமையும்தான்.

இப்போது என் வாதத்தின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். அதே ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு "காஸ்மிக் டான்சர்". பிறப்பிலிருந்து இறப்புவரை ஆடிக்கொண்டே போகும் ஒருவனைப் பற்றிய பாட்டு அது. அது எதில் தொடங்குகிறது? அக்கூஸ்டிக் கிதாரில். எதிரணியின் கருவியில்! போலன் தம் வாழ்நாளில் அக்கூஸ்டிக் கிதாரைத் தொட்டுச் செய்தவற்றில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், நான் தயங்காமல் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன். கிதார் எளிமையாக, கிட்டத்தட்ட கூச்சத்தோடு நடக்கிறது. வயலின் கூட்டம் அடியிலிருந்து எழுகிறது. டிரம்ஸ் வரும்போது ஒரு கதவு திறப்பது போல இருக்கிறது. கடைசியில், தலைகீழாகத் திருப்பி ஒட்டிய மின்கிதார் ஒலி வயலின்களுக்கு நடுவே ஒரு வேற்றுயிர் போல நீந்துகிறது. "டெபோரா"வைத் திருப்பியபோது வேடிக்கையாக இருந்த அந்த உத்தி, இங்கே பாட்டின் பொருளாகவே ஆகிவிட்டது: முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓடும் ஒலி, மரணத்திலிருந்து மீண்டும் பிறப்புக்கு ஆடும் மனிதனுக்குப் பக்கத்தில். மூன்று அக்கூஸ்டிக் ஆல்பங்களிலும் இதற்கு நிகரான ஒன்றை அம்மையார் காட்டட்டும்.

1972இல் முதலிரு அக்கூஸ்டிக் ஆல்பங்களும் இரட்டை ஆல்பமாக மறுவெளியீடு கண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்ததை அம்மையார் தம் வெற்றிச் சான்றாகச் சொன்னார். உண்மைதான். அந்தச் சான்றை நான் இரு கைகளாலும் வாங்கிக்கொள்கிறேன். "டெபோரா" 1968இல் வெளிவந்தபோது தரவரிசையில் 34ஆம் இடம் வரைதான் ஏறியது. 1972இல் அதே பாட்டு ஏழாம் இடத்துக்குப் போனது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அந்தப் பதிவில் ஒரு சுரமும் மாறவில்லை. கேட்பவர்களின் காது மாறியிருந்தது. டி. ரெக்ஸின் "ஹாட் லவ்" ஆறு வாரம் முதலிடத்தில் நின்ற பிறகு, "கெட் இட் ஆன்" தெருவெங்கும் ஒலித்த பிறகு, அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்கள்தான் கொல்லைப்புறத்தில் இருந்த பழைய தோட்டத்தைக் கண்டுபிடித்தார்கள்.

பின்னாளில் மின்கிதார் ஆல்பங்கள் சரிந்தன என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. 1975இல் வந்த "போலன்ஸ் ஜிப் கன்" தரவரிசையிலேயே இடம்பெறவில்லை. விஸ்கான்டி விலகிய பிறகு போலன் தாமே தயாரித்த ஆல்பம் அது. குறுக்கே ஒரு சொல் சொல்ல ஆள் இல்லாதபோது எந்தக் கருவியும் தடுமாறும். மின்சாரத்தின் தலையில் அந்தப் பழியைப் போடுவது முறையன்று.

மணி அடித்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு நிமிடம் கேட்கிறேன், ஐயா. 1972இல் பாரிசுக்கு அருகே ஒரு பழைய மாளிகையில் பதிவான "தி ஸ்லைடர்" ஆல்பத்தில் "ஸ்பேஸ்பால் ரிக்கோஷே" என்றொரு மெல்லிய பாட்டு இருக்கிறது. புகழின் உச்சியில் நின்ற மனிதர் தாம் எவ்வளவு சிறியவர் என்று ஒப்புக்கொள்ளும் பாட்டு. அதில் முன்னே நிற்பது அக்கூஸ்டிக் கிதார். அந்தக் கிதாரை மீட்டியபடி, தம்மோடு இருக்கும் துணையென்று அவர் பெயர் சொல்லிப் பாடுவது அம்மையாரின் கருவியை அன்று. "லெஸ் பால்" என்ற தம் மின்கிதாரை. தீர்ப்பு எழுதும் முன் நடுவர் அவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும் என்று வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.