ஆத்தங்குடிக் கல்லும் அசானா பலகையும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம், தரையில் பதிக்கிற வண்ணச் சிமென்ட் கல்லான ஆத்தங்குடிக் கல் செய்கிற ஒரு பட்டறைக்கு நான் பிசினஸ் டெவலப்மென்ட் பார்க்கிறேன். வீடோ ஹோட்டலோ புதிதாகக் கட்டுகிறவர்களையும் ஆர்க்கிடெக்ட்களையும் தேடிப் பிடித்து, மாதிரி அனுப்பி, விலை பேசி, ஆர்டர் கைக்கு வரும்வரை பின்தொடர்வதுதான் வேலை. இந்த வேலைக்கு, யார் எதை எப்போது முடிக்கணும் என்று பதிந்து கண்காணிக்கிற அசானா, டிரெல்லோ, ஜோஹோ புராஜெக்ட்ஸ் மாதிரி மென்பொருளை எப்படிப் பழகுவது என்று பேச அழைத்திருக்கிறார்கள்.

மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். திரையில் ஒரு பலகை, அதில் மேலிருந்து கீழாக ஓடும் சில பத்திகள், ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. வேலை நகர நகர அட்டையும் அடுத்த பத்திக்குப் போகும். ஜப்பானில் டொயோட்டா கார் ஆலையில் வளர்ந்த கான்பான் முறையிலிருந்து வந்த வழக்கம் இது. எங்கள் பலகையில் விசாரிப்பு, மாதிரி போனது, கொட்டேஷன், ஆர்டர், கைவிட்டுப் போனது என்று பத்திகள் வைத்திருக்கிறோம்.

எந்தப் பட்டனை எங்கே அழுத்துவது என்பது சீக்கிரம் பிடிபட்டுவிடும். அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "பெங்களூர் பார்ட்டி" என்று எழுதி வைத்தால் அது வேலையே இல்லை, வெறும் பெயர். "வியாழக்கிழமை காலை கூப்பிட்டு, மாதிரிக் கல் உடையாமல் வந்ததா, பச்சை நிறம் பிடித்ததா என்று கேட்கணும்" என்று எழுதுங்கள், அதுதான் வேலை. தேதி போடுங்கள். ஒரே ஒருவர் பெயரைப் போடுங்கள். அசானாவில் ஒரு வேலைக்கு ஒருவரைத்தான் பொறுப்பாகப் போட முடியும், டிரெல்லோவில் பலரைச் சேர்க்கலாம். எனக்கு அசானாவின் கண்டிப்புதான் பிடிக்கிறது, ஏனென்றால் இரண்டு பெயர் இருந்தால் அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும் இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்துவிடுவார்கள், நடுவில் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆர்டர் பிடிக்கிற நாம் வாய்கூசாமல் தேதி கொடுத்துவிடுகிறோம், அந்தத் தேதியைச் சுமப்பது பட்டறைக்காரர்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் கலந்த உலர்கலவையைத் தூவி, பின்பக்கம் சிமென்ட் பூசி, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப் போட்டு, அப்புறம் வெயிலில் காய வைக்கணும். எவ்வளவு கெஞ்சினாலும் கல் ஊறுவதையும் காய்வதையும் அவசரப்படுத்த முடியாது, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். அசானா, ஜோஹோ புராஜெக்ட்ஸ் மாதிரி மென்பொருளில் ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும் என்று இரண்டையும் கட்டிவைக்க வசதி இருக்கிறது. அதைப் பழகிக்கொண்டால், லாரி ஏற்றும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்துவிட்டு வாடிக்கையாளரிடம் பேசலாம்.

பட்டறை மேஸ்திரியைச் செயலியைத் திற என்று வற்புறுத்தாதீர்கள். அவர் கை முழுக்கச் சிமென்ட். காலையில் நேரில் போய் "அண்ணே, எத்தனை கல் தொட்டியில கிடக்கு?" என்று கேட்டு நீங்களே பதிவு பண்ணுங்கள், அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கைவிட்டுப் போன ஆர்டரை அழித்துவிடாதீர்கள். விலையா, தாமதமா, நிறமா, காரணத்தை அட்டையில் ஒரு வரி எழுதி, "கைவிட்டுப் போனது" பத்தியில் போட்டுவையுங்கள். சில மாதம் கழித்து அந்தப் பத்தியைப் படித்தால் அடுத்து யாரிடம் போவது, எதைத் திருத்துவது என்று தெளிவாகத் தெரியும்.

சரி, பழகுவது எப்படி? முதலாளி செட்டிநாட்டில் இருக்க, ஏஜெண்டு ரங்கூனில் வட்டிக்கடை நடத்திய காலத்தில், கடையில் வேலை பழக வந்த பெட்டியடிப் பையன் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கணக்குப் படித்தான். அந்த வழிதான் இதற்கும் சரிப்படும். வீடியோ பார்ப்பதைவிட, தினமும் பலகையை வைத்து வேலை பார்க்கிற ஒருவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் புதைந்து கிடக்கிற உங்கள் சொந்த விசாரிப்புகளில் ஐந்தாறை எடுத்து அட்டையாகப் போடுங்கள், பொய் உதாரணங்கள் வேண்டாம். டிரெல்லோவில் இலவசத் திட்டமே இதற்குப் போதும், பணம் கட்டுவதைப் பிறகு யோசிக்கலாம்.

நன்றி, வணக்கம்.