அந்த "டக்" சத்தத்துக்கு மூணு நாள் ஆச்சு

கேட்டுச்சா? இருங்க, கழட்டி மறுபடி மாட்டுறேன். ...டக்! இதுதான் மக்களே. என் வண்டியோட பிளாஸ்டிக் பேனல்ல உடஞ்சு போயிருந்த லாக்கு, அதாவது பேனல வண்டில மாட்டுற குட்டி நீட்டம், போய் ரப்பருக்குள்ள உக்கார்ற சத்தம். காலைலேருந்து ஒரு பத்துப் பதினஞ்சு தடவ கழட்டி மாட்டியாச்சு, இன்னும் அலுக்கல.

போன வீடியோல என்ன அளந்து விட்டேன்? ஒயர் கட்டுற பிளாஸ்டிக் பட்டை இருக்குல்ல, கேபிள் டை, அத பேனல் விரிசல்ல உருக்கி ஊத்திட்டு, "இந்த ஜென்மத்துக்கும் உடையாது"ன்னேன். பதினோரு நாள். பதினோரே நாள்ல வாயப் பொளந்துருச்சு. கமெண்ட்ல ஒருத்தர் அப்பவே, "அண்ணா, அது நைலான், ஒட்டாது"ன்னு சொன்னாரு. நான் லைக் கூட போடல. மன்னிச்சிருங்க தம்பி. கேபிள் டை நைலான், என் ஃபேரிங், அதான் இந்தப் பேனல், ஏபிஎஸ்ங்கிற வேற வகை பிளாஸ்டிக். ரெண்டும் உருகும், ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்காது, மேல சும்மா படுத்துக்கும். நேத்து நகத்தால ஒரு நெம்பு நெம்புனேன், முழு வெல்டும் ஒரே புழுவா உரிஞ்சு கையில வந்துருச்சு. அத வச்சிருக்கேன், பாருங்க. அவமானச் சின்னம்.

அதனால சால்டரிங் அயர்ன சூடு பண்றதுக்கு முன்னாடி பேனலத் திருப்பிப் பாருங்க. உள்பக்கம் ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல ஏபிஎஸ், பிபின்னு (பிபின்னா பாலிப்ரோப்பிலீன், இன்னொரு வகை பிளாஸ்டிக்) இங்கிலீஷ்ல அச்சு இருக்கும். எனக்கு சேறு அப்பிக் கெடந்துச்சு, பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்ச்சாதான் தெரிஞ்சுது. ஒரே வண்டில சைடு பேனல் ஏபிஎஸ், மட்கார்டு பிபி! எழுத்தே இல்லன்னா, உள் ஓரத்துல ஒரு சீவல் எடுத்துத் தண்ணில போடுங்க. பிபி மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். நைலானும் மூழ்கும், அதனால அங்கயே முடிவு கட்டாதீங்க. வெளிய தெரியாத எடத்துல ஒரு சொட்டு அசிட்டோன் வச்சுப் பாருங்க. பிசுபிசுன்னு ஆச்சுன்னா அனேகமா ஏபிஎஸ்தான். பிபி அசையவே அசையாது.

அப்புறம் வேல. பின்பக்கம் விரிசல் மேலயே 'வி' மாதிரி பள்ளம் போட்டேன், கனத்துல பாதிக்குக் கொஞ்சம் கூட. அதுல ஏபிஎஸ் பட்டைய உருக்கி எறக்கணும். பட்டை எங்க கெடச்சுது? தூக்கிப் போட இருந்த பழைய பேனல்தான், அதே அச்சு இருக்கான்னு பாத்துட்டு வெட்டிக்கிட்டேன். அயர்ன் 280 டிகிரி. புகை கிளம்புனா சூடு ஜாஸ்தின்னு அர்த்தம், வெல்டு ஆகல, கருகுது. ரொம்ப ஆழமா அழுத்துனா பெயிண்ட் பக்கம் குழி விழும். இங்க ஒண்ணு விழுந்திருக்கு, காட்ட மாட்டேன்.

அய்யய்யோ, ஹோல விட்டுட்டேன்! பள்ளம் போடுறதுக்கும் முன்னாடி, விரிசல் முடியிற நுனில 3 மில்லி டிரில் பிட்டுல ஒரு ஓட்டை. அது இல்லன்னா விரிசல் ஓடிக்கிட்டே இருக்கும். இன்னொண்ணு, மாஸ்க். தூசி மாஸ்க் போட்டுட்டு உக்காராதீங்க, ஏபிஎஸ் புகைக்கு அது சும்மா அலங்காரம். கார்பன் ஃபில்டர் வச்ச மாஸ்க், ரெண்டு ஜன்னலும் தொறந்து.

சூட்டுல கம்பி பதிக்கிற ஸ்டேப்ளர் மெஷின் ஏன் வாங்கலன்னு கேப்பீங்க. எனக்கு அது புடிக்காது, அவ்ளோதான். தையல் போட்ட காயம் மாதிரி இருக்கு. நான் பின்பக்கம் ஸ்டெயின்லெஸ் கம்பி வலைய உருக்கிப் பதிச்சு, மேல ஒரு கோட்டிங் பிளாஸ்டிக் மூடிட்டேன்.

சரி, லாக்கு. சுண்டுவிரல் நகம் அளவு இருக்குமா? அதுக்குத்தான் மூணு நாளும். மொதல் நாள் அலுமினிய டேப்பு மடிச்சு அச்சு பண்ணி ஊத்துனேன். தடிமனாகி ரப்பருக்குள்ள போகவே இல்ல. அரத்துல ராவுனேன், ராவுனேன், கடைசி ராவுல படக்குன்னு உடஞ்சு கட்டில் அடில போயிருச்சு. ரெண்டாவது நாள் உள்ள வலை வைக்க மறந்துட்டேன், மாட்டும்போதே போச்சு. இன்னைக்கு வலைய ரெண்டா மடிச்சு, அத பேனலுக்குள்ள வேர் மாதிரி எறக்கி, மேல கட்டுனேன். 120 உப்புத்தாள், அப்புறம் 240. ...டக்!

பட்டி, பிரைமர் எல்லாம் அடுத்த வீடியோல. ஆனா ஒரு எரிச்சல். இது மொதல்ல ஏன் உடஞ்சுதுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன். மேல இருக்கிற போல்ட்டுல ரப்பர் புஷ்ஷே இல்ல, அதிர்வத் தாங்குற ரப்பர் வளையம்! போன சர்வீஸ்ல கழட்டினவங்க திருப்பிப் போடல. இரும்பு நேரா பிளாஸ்டிக்குல உக்காந்து, வண்டி அதிர அதிர அங்கயிருந்துதான் விரிசல் கிளம்பியிருக்கு. புஷ்ஷு வர்ற வரைக்கும் பேனலு இந்த டேபிள் மேலதான்.