14 நாள் மாத்திரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சென்னை அரசு மருத்துவமனைகளில் மகளிர் நோய்ப் பிரிவில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். இன்றைக்குப் பேசப்போவது பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் ஒரு அடிவயிற்று வலியைப் பற்றி. அடுப்பில் வேலை இருந்தால் பார்த்துக்கொண்டே கேளுங்கள். பக்கத்தில் மாமியார் இருந்தாலும் வானொலியின் சத்தத்தைக் குறைக்க வேண்டாம். அவர்களும் கேட்கட்டும்.

'கர்ப்பப்பையில் புண்' என்று வீட்டில் சொல்வோமே, அதில் ஒரு வகை இது. டாக்டர்கள் சீட்டில் பி.ஐ.டி. என்று எழுதுவார்கள், இடுப்பு அழற்சி. கிளமிடியா, கொனோரியா போன்ற, உடலுறவில் தொற்றும் கிருமிகள் கீழிருந்து ஏறி கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை வரை போய்விடும். கருக்குழாயின் உள்வழி சில இடங்களில் தையல் நூல் நுழையும் அளவுதான். புண் ஆறினாலும் தழும்பு ஒட்டிக்கொண்டால் வழி அடைபட்டுவிடும். அப்புறம் குழந்தை தங்காது, அல்லது கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

வெள்ளைப்படுவதெல்லாம் நோய் இல்லை. அதைக் கண்டு பயப்படாதீர்கள். நாற்றம் வந்தால், நிறம் மாறினால், கூடவே அடிவயிறு வலித்தால், காய்ச்சல் இருந்தால், கணவரோடு சேரும்போது வலித்தால், அப்போது காட்ட வேண்டும். 'உடம்புச் சூடு' என்று வெந்தயமும் மோரும் இளநீரும் குடித்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிடுகிறோம். குடியுங்கள், நல்லதுதான். கிருமி அதற்கெல்லாம் போகாது.

சரி, மருத்துவமனைக் கதைக்கு வருகிறேன். நான் பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில், வலியும் காய்ச்சலுமாக ஒரு பெண் வந்தால் உடனே அட்மிஷன்தான். கட்டில் இல்லையென்றால் தரையில் பாய், கையில் ட்ரிப்ஸ். வருடங்கள் போகப்போக அட்மிஷன் புத்தகத்தில் இந்த நோயின் வரிகள் குறைந்துகொண்டே வந்ததை என் கண்ணால் பார்த்தேன். உலகம் முழுக்கப் பல நாடுகளில் இப்படித்தான். அமெரிக்காவில் 1985க்கும் 2001க்கும் இடையே இதற்காக மருத்துவமனையில் சேர்வது 68 சதவீதம் குறைந்தது. கிளமிடியாவை முன்கூட்டியே பரிசோதித்துக் கண்டுபிடித்ததால் நோயே குறைந்தது ஒரு பங்கு. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது இன்னொரு பங்கு. 2002இல் அங்கே 831 பெண்களை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. மிதமான நோய் உள்ளவர்களில் ஒரு பாதியைப் படுக்க வைத்தார்கள், மறு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏறக்குறைய மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், இரண்டு பக்கமும் கர்ப்பமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இந்த முடிவைப் படித்தபோது எனக்கு நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, அது 1956இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக் கணக்கில் படுக்கை. நம் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரே அந்தக் காலத்தைச் சொல்லும். நோயாளிகளோ ஏராளம், படுக்கையோ கொஞ்சம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரும் நம் ஊர் டாக்டர்களும் ஊழியர்களும் சேர்ந்து, குலுக்கல் போடுகிற மாதிரி நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்துக்கு, பாதிப் பேர் வீட்டுக்கு. ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தது. நெருக்கடியான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்குத் தொற்றும் அதனால் கூடிவிடவில்லை. உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றியது நம் மெட்ராஸைப் பார்த்து!

இதில் ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அந்த வீடுகளுக்கு ஆள் போனது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்று மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். திரும்பவும் சொல்கிறேன், மாத்திரையை எண்ணினார்கள். எங்கள் வார்டிலும் நர்ஸ் மாத்திரையைக் கையில் கொடுத்து, தண்ணீர் குடிக்கும்வரை நின்று பார்ப்பார். பி.ஐ.டி.க்குக் கட்டிலை எடுத்தோம், அந்த நர்ஸையும் சேர்த்து எடுத்துவிட்டோம்.

வியாசர்பாடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, 23 வயது, தையல் வேலை. 14 நாள் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினேன். அரசு மையங்களில் இதற்கு மஞ்சள் நிறப் பொட்டலம் தருவோம், ஆறாம் நம்பர். இரண்டு மாதம் கழித்து நடக்க முடியாமல் வந்தாள். ஸ்கேனில் சினைப்பைப் பக்கம் சீழ்க்கட்டி. "மாத்திரை முடிச்சியாம்மா?" என்று கேட்டேன். பையிலிருந்து கசங்கிய பொட்டலத்தை எடுத்தாள். ஐந்தாம் நாள் வலி நின்றுவிட்டது. வாயில் செப்புக்காசை வைத்த மாதிரி ஒரு கசப்பு, மிஷினில் உட்கார்ந்தால் குமட்டல். நிறுத்திவிட்டாள். மீதியில் பாதியை, "எனக்கும் அதே வலிதான்" என்று சொன்ன நாத்தனாருக்குக் கொடுத்திருக்கிறாள். என்ன அன்பான பெண்! அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கசப்பு வரும், சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு போடு, வலி நின்றாலும் 14 நாளும் போடு என்று நான் நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு ஓ.பி.யில் கூட்டம், சொல்லவில்லை.

இந்த இடுப்பு அழற்சி திரும்பத் திரும்ப வந்தால் என்ன ஆகும் என்று ஸ்வீடனில் பல வருடம் பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை வந்தவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குக் கருக்குழாய் அடைத்துக் குழந்தை இல்லை. இரண்டு தடவை வந்தால் ஏறக்குறைய 20 பேர், மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40 பேர்.

அதனால் அட்மிஷன் குறைந்தது என்று யாராவது கணக்குக் காட்டினால், வீட்டில் மாத்திரை முடிந்ததா என்றும் கேட்க வேண்டும். அந்தக் கணக்கும் முழுசு இல்லை. எத்தனையோ கேஸ் ஷீட்டில் 'அடிவயிற்று வலி' என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறோம், நானும்தான்.

படுக்கையில் சேர வேண்டியவர்களும் உண்டு. கர்ப்பிணிகள், வாந்தியில் மாத்திரை தங்காதவர்கள், கடும் காய்ச்சல் உள்ளவர்கள், சீழ்க்கட்டி உள்ளவர்கள், அப்பெண்டிக்ஸோ என்ற சந்தேகம் தீராதவர்கள், மூன்று நாள் மாத்திரை போட்டும் குறையாதவர்கள். சேரச் சொன்னால் "பிள்ளையை யார் பார்ப்பது" என்று திரும்பிப் போய்விடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. கருக்குழாயில் வரும் காசநோயைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். நம் நாட்டில் குழந்தையின்மைக்கு அதுவும் முக்கியக் காரணம், அதற்கு ஆறு மாதமாவது மருந்து வேண்டும். அதைவிட அவசரமானது கணவர் விஷயம். அவருக்கு வலியே இல்லாமல் கிருமி இருக்கலாம். அவரும் மாத்திரை போடாவிட்டால் உங்களுக்குத் திரும்ப வரும். இருவருக்கும் மாத்திரை முடியும்வரை சேராமல் இருங்கள். அரசு மருத்துவமனையில் இந்த மாதிரி தொற்றுகளைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்தில் இருவரையும் பார்ப்பார்கள். சீட்டு வாங்கும்போதே "அவருக்கும் எழுதுங்க டாக்டர்" என்று கேட்டுவிடுங்கள். வணக்கம்.